கழலாத கிளட்ச்

அக்கா அந்த மெஷினை உரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தாள். மேலூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். சேலையில் முழங்காலுக்கு மேல் ஆயில் ஊறிக் கறுத்திருந்தது. சாக்கை என் கடை மேசைமேல் வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதச் சரி பண்ணிக் குடு தம்பி. அவரு கூட்டாளி ரெண்டு எடத்துல வேல ஒத்துக்கிட்டாராம். மெஷின் இல்லாம நிக்கிறாரு."

சாக்கைப் பிரிக்காமலே அது எது என்று எனக்குத் தெரியும். மாமாவின் காலை அறுத்த மெஷின். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. தண்ணீர் மோட்டார், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், புல் வெட்டுகிற மெஷின், மரம் அறுக்கிற மெஷின் எல்லாம் பார்ப்பேன். இருபது வருடத் தொழில். அக்காவின் வீட்டுக்காரரான மாமாவும் நானும் ஒரு காலத்தில் மேலூர்ப் பக்கம் ஒரே கல் குவாரியில் வேலை பார்த்தோம். அவர் பாறையில் துளை போடுவார், நான் கம்ப்ரஸர் பார்ப்பேன். குவாரி நின்றபோது நான் கடை போட்டேன். அவர் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு மரம் வெட்டும் வேலைக்குப் போனார். புதுசு புதுசாக வீடு எழும்புகிற பகுதி என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. கூட்டாளி கயிறு கட்டி மேலே ஏறுவார், மாமா கீழே நின்று அறுப்பார். அவருடைய மெஷினை என்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது.

விபத்து நடந்தது என் கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பிளாட்டில். கரண்ட் கம்பிமேல் சாய்ந்திருந்த பெரிய வாகை மரம். கிளையை எல்லாம் இறக்கிவிட்டார்கள். மாமா கீழே கிடந்த கிளைகளைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டு அறுபட்டதும் வேகம் கூட்டும் விசையை விட்டுவிட்டு, மெஷினை வலக்கையில் தொங்கவிட்டபடி, இடக்கையால் குறுக்கே கிடந்த கொப்பை இழுத்திருக்கிறார். விசையை விட்டால் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், மரத்தை அறுக்கும் செயின் நின்றுவிட வேண்டும். அன்றைக்குச் செயின் நிற்கவில்லை. கொப்பு விடுபட்டு அவர் ஒரு அடி தள்ளாடியபோது அது வலது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே ஏறிவிட்டது.

கூட்டாளிதான் சுவிட்சை அணைத்து, தன் கைலியைக் கிழித்துக் கட்டி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். எனக்குப் போன் வந்து நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மாமாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கூட்டாளி வராந்தாவில் பனியனும் அரைக்கால் டிராயருமாக நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மெஷின் நிக்கலண்ணே. தானா ஓடுச்சு" என்பதுதான்.

அந்த இடத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

விபத்துக்கு மூன்று வாரம் முன்னால் மாமா அதே மெஷினை என்னிடம் கொண்டுவந்திருந்தார். "விசைய விட்டாலும் செயின் லேசா நகருது மாப்ள, என்னன்னு பாரு" என்றார். கழற்றிப் பார்த்தேன். அந்த மெஷினின் கிளட்சில் மூன்று இரும்புக் கட்டைகள் உண்டு. எஞ்சின் வேகம் எடுக்கும்போது அவை விரிந்து வெளியே உள்ள டிரம்மைப் பிடிக்கும், செயின் ஓடும். வேகம் குறைந்தால் கட்டைகளைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், செயின் நிற்கும். அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. அதே அளவில் புதுசு என்னிடம் இல்லை. பழைய சாமான் டப்பாவில் தேடி, வேறொரு மெஷினிலிருந்து கழற்றி வைத்திருந்த ஸ்பிரிங்கை எடுத்து, ஒரு சுற்று வெட்டிக் குறைத்து, முனையை வளைத்துக் கொக்கி போட்டு மாட்டிக் கொடுத்தேன். "தற்காலிகத்துக்கு இது மாமா. புதுசு சொல்லியிருக்கேன், வந்ததும் மாத்திருவோம்" என்றேன். ஓட்டிப் பார்த்தோம். செயின் நின்றது. அவர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.

புது ஸ்பிரிங் அடுத்த வாரமே வந்துவிட்டது. நான் மேசை டிராயருக்குள் போட்டேன். மாமாவுக்குப் போன் பண்ணவில்லை. காரணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த வாரம் வேலை நெருக்கம். பிறகு ஒருநாள் ஞாபகம் வந்தது, கையில் கிரீஸ் இருந்தது, கை கழுவிவிட்டுப் பண்ணலாம் என்று நினைத்தேன். பிறகு அது மறந்தே போயிற்று. அவர் அடிபட்ட அன்று அந்தப் பொட்டலம் டிராயருக்குள் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாமா பதினோரு நாள் இருந்தார். நானும் அக்காவும் மாற்றி மாற்றி இருந்தோம். பகலில் பெரும்பாலும் நான்தான். கஞ்சி ஊற்றிக் கொடுப்பேன், தலையணையைச் சரி பண்ணுவேன், கட்டுப் போட அழைத்துப் போகும்போது வண்டியைத் தள்ளுவேன். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "மெஷினக் கையில வச்சுக்கிட்டு வேற வேல பாக்கலாமா? பிரேக்கப் போட்டுட்டுல்ல நகரணும்." "கண்ணு எங்கயோ இருந்திருக்கும்." மாமா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். மாமாவின் சித்தப்பா ஒருவர் என் தோளைத் தொட்டு, "நீதான் மெஷினு வெவரம் தெரிஞ்சவன், சொல்லு. கவனம் இருந்தா இப்படி நடக்குமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோலவும் இல்லை என்பதுபோலவும் ஆட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த மாமா அதைப் பார்த்தார்.

வீட்டில் என் மனைவியிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. கிளட்சைத் திறந்து பார்க்காமல் எப்படி உறுதியாகச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு காரணமும் இருக்கலாமே. எஞ்சினின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தாலும் செயின் ஓடும். பிரேக் போட்டபடி முடுக்கியிருந்தால் டிரம் சூடேறிக் கட்டைகள் பிடித்துக்கொள்ளும். மெஷின் அக்கா வீட்டு மாட்டுக்கொட்டத்தில் கிடந்தது. போய் எடுத்து வந்திருக்கலாம். நான் போகவில்லை.

இப்போது அது என் மேசைமேல் வந்துவிட்டது.

"வச்சிட்டுப் போக்கா. நாளைக்கு நானே கொண்டாந்து குடுத்துர்றேன்" என்றேன்.

"இல்ல, இருந்து வாங்கிட்டே போறேன். நாளைக்கு வெள்ளென வேலைக்குப் போகணுமாம் கூட்டாளிக்கு."

"நேரமாகும்க்கா."

"ஆகட்டும். வீட்டுல மகள இருக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்துகொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரம். ரோட்டில் காலேஜ் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் அம்மா வயல் வேலைக்குப் போன நாட்களில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். அவள் முன்னால் உட்கார்ந்து பொய் பேசுவது எனக்குச் சுலபமில்லை. பேசாமல் இருப்பது மட்டும் அந்தப் பதினோரு நாளில் நன்றாகப் பழகியிருந்தது.

பிரேக்கை விடுவித்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து தார்போல இறுகிப்போயிருந்தது. கறுப்பாகக் காய்ந்திருந்தது எல்லாம் ஆயில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்குரூடிரைவரால் சுரண்டிப் பேப்பரில் தள்ளி மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். செயினையும் அது ஓடும் நீளத் தகட்டையும் கழற்றித் தனியே வைத்தேன்.

டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தேன். நல்ல மெஷினில் எஞ்சின் அணைந்திருக்கும்போது டிரம் தனியாக, லேசாகச் சுழல வேண்டும். இது சுழலவில்லை. பலமாகத் திருகினால் உள்ளே பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்குவது கையில் தெரிந்தது. கிளட்சும் டிரம்மும் ஒன்றாக இறுகிக் கிடந்தன. இந்த நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் செயினை எதனாலும் நிறுத்த முடியாது.

"என்ன?" என்றாள் அக்கா.

"கிளட்ச் மாட்டிக்கிச்சு. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்தேன். பிஸ்டன் மேலே ஏறி வரும்போது கயிற்றில் முட்டி நின்றுவிடும், பிறகு எஞ்சின் சுழலாது, கிளட்சைத் திருகலாம். தினமும் செய்கிற வேலை. கயிறு போதுமான அளவு உள்ளே போய்விட்டதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். ஸ்பேனரின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, காலை மேசைக்கு முட்டுக் கொடுத்து, முழுப் பலத்தோடு இழுத்தேன்.

"எந்தப் பக்கம் திருப்புற?" என்றாள் அக்கா.

"ஏன்?"

"போன மாசம் கெணத்து மோட்டாரு சாமானக் கழட்டையில, இது எதிர் மரை, வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும்னு ஒருத்தர்கிட்ட நீ சொல்லிக்கிட்டு இருந்தியே. அதான் கேட்டேன்."

நான் கையை எடுத்தேன். இந்தக் கிளட்சுக்கும் எதிர் மரைதான். வலப்பக்கம் திருப்பினால் கழலும், இடப்பக்கம் திருப்பினால் இறுகும். இருபது வருடத்தில் நூற்றுக்கணக்கான கிளட்ச் கழற்றியிருக்கிறேன். அன்றைக்கு இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே மாட்டிக் கிடந்ததை என் பலம் முழுவதையும் போட்டு இன்னும் இறுக்கிவிட்டேன். முகத்தில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது.

"ஒடம்பு சரியில்லையா ஒனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

துருவை இளக்கும் எண்ணெயை மரையைச் சுற்றி அடித்துவிட்டுக் காத்திருந்தேன். அக்கா பக்கத்துக் கடையில் இரண்டு டீ வாங்கி வந்தாள். மாமா இரவில் கால் வலி தாங்காமல் முழித்திருப்பதையும், முழங்கால் மடங்குமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். "அந்த மனுசன் ஒரு நாளும் அசட்டையா வேல பாத்ததில்ல தம்பி. அவரப் போயி கவனமில்லாதவருங்குறாங்க. அதான் எனக்கு ஆற மாட்டேங்குது" என்றாள். நான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினேன். மறுபடி ஸ்பேனரை மாட்டி, இந்த முறை வலப்பக்கம் திருப்பினேன். குழாய் வளைந்துவிடும் போலிருந்தது. கை நழுவி, விரல் முட்டி எஞ்சின் விளிம்பில் இடித்துத் தோல் உரிந்தது. அக்கா எழுந்து வந்து மெஷினின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இப்பத் திருப்பு" என்றாள். அவள் மூச்சு என் முகத்தில் படுகிற அளவுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் எடையைப் போட்டுச் சாய்ந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். மரை விட்டது.

கிளட்ச் டிரம்மோடு சேர்ந்தே கழன்று வந்தது. ஒரே கட்டியாகக் கையில் கனத்தது. டிரம்மின் விளிம்பு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அதைக் கவிழ்த்து, மரக்கட்டைமேல் வைத்து, பின்பக்கமிருந்து தட்டினேன். நாலாவது தட்டில் கட்டைகள் விடுபட்டு விழுந்தன. கூடவே ஸ்பிரிங்கும் விழுந்தது. அறுந்திருந்தது. அறுந்த துண்டு ஒன்று கட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே நசுங்கித் தகடுபோல ஒட்டியிருந்தது.

நான் அதை உற்றுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கொக்கி போட்ட முனையில் என் குறட்டின் பல் பதிந்த தடம் இருந்தது. அங்கேதான் அறுந்திருந்தது.

அக்கா குனிந்து அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதனாலயா நிக்காம ஓடுச்சு?"

"ஆமா."

"அப்ப அவரு மேல தப்பில்ல."

"இல்லக்கா."

அவள் முகம் ஒரு நிமிடம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும் அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. கம்பெனி ஸ்பிரிங் அறுந்துவிட்டது, விதி என்று அவள் ஊரில் போய்ச் சொல்வாள். மாமாவின் பேர் நிமிரும். என்னை யாரும் கேட்கப்போவதில்லை. அப்படி நினைத்துக்கொண்டே நான் டிராயரைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. புது ஸ்பிரிங்கை எடுத்து மாட்ட வேண்டும் என்பதற்காகத்தான் கை போயிருக்க வேண்டும்.

பொட்டலத்தைப் பார்த்துவிட்டு அக்கா, "நல்லவேள, இருக்குதா கையில. இல்லாட்டி டவுனுக்கு அலையணும்" என்றாள்.

"இது அவருக்காகத்தான் வாங்குனதுக்கா" என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வெட்டிப் போட்ட பழைய ஸ்பிரிங்கையும், தற்காலிகம் என்று சொன்னதையும், புதுசு வந்து பன்னிரண்டு நாள் இந்த டிராயருக்குள் கிடந்ததையும், ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டாளி சொன்ன நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டதையும் சொன்னேன். அவளைப் பார்க்காமல், கையிலிருந்த டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் அறுந்த துண்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஸ்பிரிங்கு கெடக்கட்டும். மறதி யாருக்கும் வரும். பதினோரு நாளு அவரு பக்கத்துலயே ஒக்காந்திருந்தியே. வாரவன் போறவனெல்லாம் அவரப் பேசுனானே. அத எப்படிடா கேட்டுக்கிட்டு இருந்த?"

நான் டிரம்மை மேசைமேல் வைத்தேன்.

"சின்ன மாமனாரு ஒன்கிட்டயே கேட்டாருல்ல. நானும் அங்கனதான் நின்னேன்."

கையிலிருந்த துண்டை மேசைமேல் வைத்தாள். "மாட்டு. நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். முடிஞ்சதும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். வெயிலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், நிழற்குடைக்குள் கூட உட்காராமல், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரம்மும் கட்டைகளும் இனி உதவாது. கடையில் வைத்திருந்த வேறு ஒரு செட்டை எடுத்து, புது ஸ்பிரிங்கோடு பூட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவள் அங்கேதான் நின்றாள். கூப்பிட்டதும் வந்து, மெஷினை அதே சாக்கில் சுற்றிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. நான் பண்ணினால் அவள் மகள் எடுத்து, "அம்மா வேலையா இருக்காங்க மாமா" என்றாள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஊருக்குப் போனேன். அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாமா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் மடங்காமலிருக்கத் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை பட்டை போட்டிருந்தார்கள்.

"வா மாப்ள" என்றார். குரலில் வித்தியாசம் தெரியவில்லை.

நான் நின்றுகொண்டே, "அக்கா சொல்லியிருக்கும்" என்றேன்.

"சொன்னா."

"தப்பு என்னோடதுதான் மாமா. நான் அங்கயே சொல்லியிருக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அன்னைக்குக் காலையில ஸ்டார்ட் பண்ணுனதுமே செயினு நகந்துச்சு. வேகத்தக் கொறச்சு வச்சேன், எஞ்சின் அணைஞ்சு போச்சு. மறுபடி கூட்டி வச்சேன். கூட்டாளி சொன்னான், மாப்ள கடை பக்கத்துலதான இருக்கு, ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவோம்னு. ஒரு மணி வரைக்குந்தான் கரண்ட நிப்பாட்டித் தந்திருந்தாங்க. அதுக்குள்ள முடிக்கணும்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று இறங்கியது. அது நிம்மதி என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"இத ஒங்கக்காகிட்டச் சொல்லல. நீயும் சொல்லாத."

"ஏன் மாமா?"

இடக்கையை விரித்துக் காட்டினார். குவாரியில் போன சுண்டுவிரல் இருந்த இடம் மொழுக்கென்றிருந்தது. "இது போனப்ப, மெஷின் கோளாறுன்னு தெரிஞ்சே கைய விட்டேன்னு அவளுக்குத் தெரியும். இனிமே தெரிஞ்சுக்கிட்டே கோளாறான மெஷினத் தொட மாட்டேன்னு மக தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணேன். இப்ப அவ என்னயச் சின்னப் புள்ளயாட்டம் பாத்துக்குறா மாப்ள. ஒரு சொல்லு பேசல. இது தெரிஞ்சா..." கையை மடக்கிக்கொண்டார்.

"ஒம்மேல இருக்கிற கோவம் அவளுக்குப் போயிரும். தம்பிதான நீ. எம்மேல வந்தாப் போகாது."

நான் சரி என்றேன். அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும். அக்கா பை நிறைய அரிசியோடு வந்தாள். என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம், அந்தக் கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியதில்லை என்று நினைத்தேன். உடனே, சேர வேண்டிய பாதியே தாங்க முடியாத கனம்தானே என்றும் நினைத்தேன்.

ஒரு வருடம் அப்படியே போயிற்று. மாமாவின் முழங்கால் முழுதாக மடங்கவில்லை. மரம் வெட்டப் போக முடியாது என்று ஆனதும், யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அக்கா போக ஆரம்பித்தாள். கூட்டாளியோடும் இன்னும் இரண்டு ஆட்களோடும் சைட்டுக்குப் போய், வீட்டுக்காரர்களிடம் பேசி, எந்தக் கிளை முதலில் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதுவரை நின்று பார்த்தாள். மாமா வீட்டிலிருந்து போனில் யோசனை சொல்வார். மெஷினைப் பழுது பார்க்க மட்டும் கூட்டாளியிடம் கொடுத்து அனுப்புவாள், அவள் வர மாட்டாள்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கடை வாசலில் ஆட்டோ நின்றது. அக்கா மெஷினோடு இறங்கினாள். காலில் கேன்வாஸ் ஷூ, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. மேசைமேல் மெஷினை வைத்தாள்.

"செயினு லேசா நகருது. வேலைய நிப்பாட்டிட்டு வந்தேன்."

நான் மூடியைக் கழற்றத் தொடங்கினேன். அவள் ஸ்டூலை இழுக்காமல் நின்றுகொண்டே கேட்டாள். "நான் மெஷின அணைக்கச் சொன்னதுக்குக் கூட்டாளி என்ன சொன்னாரு தெரியுமா? அடிபட்ட அன்னைக்கும் அண்ணன்கிட்ட இதத்தான் சொன்னேன், கேக்கலன்னாரு. நீ இதக் கேள்விப்பட்டிருக்கியா?"

கை நின்றுவிட்டது.

"தெரியும்."

"எப்பருந்து?"

"ரேஷன் கடைக்குப் போயிருந்தியே, அன்னைக்கு. மாமா சொல்ல வேணாம்னாரு."

"அவரு சொன்னா? ஒரு தடவ பேசாம இருந்துதான அம்புட்டும் ஆச்சு. மறுபடியும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்க."

"ஒனக்கும் அவருக்கும் நடுவுல நான் எப்படிக்கா..."

"ஒரு வருசமா ஒன்னயத்தான கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேன். அதையாச்சும் சொல்லியிருக்கலாம்ல." அவள் குரல் உடைந்தது. உடனே சரி பண்ணிக்கொண்டாள். "ரெண்டு பேருமாச் சேந்து என்னயத்தான் கிறுக்கச்சி ஆக்கிட்டீங்க."

வேலையைத் தொடர்ந்தேன். பிளக்கைக் கழற்றிக் கயிற்றைத் திணித்தேன். அவள் வந்து கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டாள். வலப்பக்கம் திருப்பியதும் கிளட்ச் சுலபமாகக் கழன்று வந்தது. ஸ்பிரிங் லேசாகத் தளர ஆரம்பித்திருந்தது, வேறொன்றுமில்லை. அவள் அதை வாங்கி இழுத்துப் பார்த்து, புதுசையும் இழுத்துப் பார்த்து, வித்தியாசத்தைக் கையால் தெரிந்துகொண்டாள். மாட்டி முடித்ததும் அவளே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, மெஷினைத் தரையில் வைத்து, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து செயினைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு அணைத்தாள்.

அன்றைக்கு வீட்டில் மாமாவுக்கும் அவளுக்கும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் அவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று அக்கா மகள் சொன்னாள். மாமா எனக்குப் போன் பண்ணி, "சொல்லிட்டான்ல அவன்" என்று கூட்டாளியைத் திட்டினார். பிறகு, "அதுவும் நல்லதுக்குத்தான் மாப்ள" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் நல்லது எதுவும் இல்லை.

அக்கா இப்போது மாதம் ஒருமுறை தானே மெஷினை எடுத்துக்கொண்டு வருகிறாள். ஸ்டூலில் உட்காருகிறாள். டீயும் குடிக்கிறாள். பழைய மாதிரி சிரித்துப் பேசுவதில்லை, ஆனால் மகளின் படிப்பைப் பற்றி, மாமாவின் காலைப் பற்றிக் கேட்டால் சொல்கிறாள். கிளம்பும்போது மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்.

"வேற எதுவும் சொல்லணுமா?"

போன தடவை கேட்டபோது இருந்தது. செயினில் இரண்டு பல் மழுங்கியிருந்ததைக் கவனித்தும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். சொன்னேன். அவள் மெஷினைத் தோளிலிருந்து இறக்கி மறுபடி மேசைமேல் வைத்தாள்.